எட்மண்டுகளுக்கு ஓர் இலை

இதில் வரும் ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. கற்பூரத்தை ஏற்றி அணைத்துச் சத்தியம் செய்யலாம் என்றுதான் பார்த்தேன். என் மகன் வீட்டில் கற்பூரம் ஏற்றினால் கூரையில் இருக்கும் ஸ்மோக் அலாரம் கத்தும். பக்கத்து வீட்டுக்காரர் தீயணைப்பு வண்டியைக் கூப்பிடுவார். ஆகவே ஏற்றாத கற்பூரத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்கிறேன். ஏற்றிய கற்பூரத்தைவிட இது நம்பகமானது. கரைந்து போகாது, சந்தேகம் வந்தால் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

என் பெயர் ஜம்புநாதன். திருவல்லிக்கேணியில் முப்பது வருஷத்துக்கு மேல் மருந்துக்கடை வைத்திருந்தேன். 1997இல் கடையை விற்றுவிட்டு, மனைவி பர்வதத்தோடு சன்னிவேலில் மகன் அனிருத்தின் வீட்டுக்கு வந்தேன். பகலில் அந்த ஊரில் மனித நடமாட்டம் கிடையாது. எல்லோரும் கம்ப்யூட்டருக்கு முன்னால் போய்விடுவார்கள். தெருவில் நானும் அணில்களும்தான்.

அப்படித் தெருவில் கிடைத்தவர்தான் லாம்பர்ட். எண்பது தாண்டியவர். அந்த ஊர் முழுக்க ஆப்ரிகாட் தோப்பாக இருந்த காலத்தில், பழத்தை டப்பாவில் அடைக்கும் ஆலையில் மெக்கானிக்காக இருந்தவர். மனைவி மேரி இறந்துவிட்டாள், பிள்ளை குட்டி இல்லை. தெருவோரம் இருந்த பழைய மர முன்வீட்டில் அவர் இருந்தார். தோட்டத்தைத் தாண்டியிருந்த பின்வீட்டை இளமாறனுக்கும் அவன் மனைவி சண்முகப்ரியாவுக்கும் வாடகைக்கு விட்டிருந்தார். இளமாறன் என் மகனோடு வேலை பார்ப்பவன், பொள்ளாச்சிப் பக்கம்.

லாம்பர்ட்டுக்குக் கண்ணில் ஒரு கோளாறு. பார்வையின் நடுப்பகுதி போய்விட்டது, ஓரம் மட்டும் தெரியும். ஒருவர் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் அவர் காதைத்தான் பார்ப்பார்.

"உங்களுக்குப் பழைய கையெழுத்து படிக்க வருமா, ஜம்போ?" என்று ஒரு நாள் கேட்டார். ஜம்புநாதன் அவர் வாயில் ஜம்போவாகத்தான் வரும்.

"சென்னை டாக்டர்கள் எழுதிய சீட்டைப் படித்து முப்பது வருஷம் மருந்து கொடுத்தவன்" என்றேன். "இதுவரை எவரும் வந்து புகார் சொன்னதில்லை."

அவருக்கு ஒரு ஆசை இருந்தது. தான் யாரிடமிருந்து வந்தோம் என்று தெரிந்துகொண்டு சாக வேண்டும். அவருடைய கொள்ளுத்தாத்தா இங்கிலாந்தின் கிழக்கோரத்தில் ஏதோ ஒரு சதுப்பு நில ஊரிலிருந்து கப்பலேறியவர். அதற்கு முன்னால் எல்லாம் இருட்டு. அந்த ஊர் தேவாலயத்தில் பிறந்தவர், மணந்தவர், இறந்தவர் என்று பாதிரியார்கள் எழுதிவைத்த ஏடுகளை யாரோ படமெடுத்து மைக்ரோஃபிலிமாக வைத்திருந்தார்கள். எழுதிக் கேட்டால் யூட்டா மாநிலத்திலிருந்து தபாலில் வரும். எல் கமினோ ரியல் என்ற பெரிய சாலையில் ஒரு சர்ச்சுக்குப் பின்னால் இருந்த சிறு நூலகத்தில் உட்கார்ந்து பார்க்கலாம்.

இரண்டு கிழவர்களும் பஸ் ஏறிப் போனோம்.

அது ஜன்னல் இல்லாத அறை. சூடேறிய பல்பின் வாசனை. கைப்பிடியைச் சுற்றினால் பழைய பக்கங்கள் மேஜையின் வெள்ளைப் பலகை மேல் தண்ணீரில் மிதப்பது போல ஓடும். லாம்பர்ட் கைப்பிடியைச் சுற்றுவார், நான் படிப்பேன்.

"எட்மண்ட், வில்லியம் லாம்பர்ட்டின் மகன். ஞானஸ்நானம்."

அடுத்த பக்கத்திலேயே அதே எட்மண்ட். அடக்கம்.

மறுவருஷம் மறுபடியும் எட்மண்ட், வில்லியம் லாம்பர்ட்டின் மகன். ஞானஸ்நானம். இலையுதிர்காலத்தில் அடக்கம். அதற்கடுத்த வருஷமும் ஒரு எட்மண்ட்.

"தப்பாகப் படிக்கிறீர்களா?" என்றார் லாம்பர்ட்.

"எழுதியிருப்பதைப் படிக்கிறேன்."

அவர் கைப்பிடியை ஒரு பக்கம் பின்னுக்குச் சுற்றினார். பிறகு விளக்கினார். அந்தக் காலத்தில் அது வழக்கமாம். ஒரு குழந்தை இறந்தால் அந்தப் பெயர் வீணாகக் கூடாது என்று அடுத்த குழந்தைக்கு அதையே வைப்பார்களாம். பெயர் குடும்பத்துடையது. குழந்தை வந்து கொஞ்ச நாள் அதைப் போட்டுக்கொண்டு போகும், அவ்வளவுதான்.

ஐந்து எட்மண்ட். ஒன்றும் ஒரு வயதைத் தாண்டவில்லை. ஆறாவதாகப் பிறந்தவனுக்கு மட்டும் ரால்ஃப் என்று பெயரை மாற்றி வைத்திருந்தார்கள். அவன் பிழைத்துக்கொண்டான். நம் லாம்பர்ட் அவன் வழியில் வந்தவர்; அவர் பெயரும் ரால்ஃப்.

ஐந்தாவது எட்மண்டின் பெயரை நான் படித்தபோது அவர் கைப்பிடியைச் சுற்றுவதை நிறுத்தினார்.

"ஏன் இரண்டு தடவை சொன்னீர்கள், ஜம்போ?"

நான் ஒரு தடவைதான் சொல்லியிருந்தேன்.

அறையில் வேறு யாரும் இல்லை. பல்பு வாசனை போய், மழை ஓய்ந்த வயலின் சேற்று வாசனை அடித்தது. சன்னிவேலில் ஏப்ரலுக்கு அப்புறம் ஒரு பொட்டு மழை கிடையாது.

அந்த வாரம்தான் வசந்தாமணி அம்மாள் வந்து இறங்கினார். சண்முகப்ரியாவின் அம்மா, மகளுக்குப் பிரசவம் பார்க்க வந்தவர். இரண்டு பெட்டி நிறைய பத்தியச் சாமான், சுக்கு, வசம்பு, வெள்ளைத்துணி. ஏர்போர்ட்டில் நாய் மோப்பம் பிடித்து வசம்பை மட்டும் பறித்துக்கொண்டார்களாம். மகளுக்கு ஏற்கெனவே இரண்டு கர்ப்பம் தங்கவில்லை. இரண்டும் மாதம் முற்றிய பிறகு போனவை. இப்போது மூன்றாவது, எட்டாம் மாதம். அந்த அம்மாள் சிரிக்கும்போதுகூடக் கண் மகளின் வயிற்றில்தான் இருக்கும்.

ஒரு மத்தியானம் பின்வீட்டில் காபி குடித்துக்கொண்டே எட்மண்டுகளின் கதையைச் சொன்னேன். பர்வதமும் இருந்தாள்.

"அஞ்சுக்கும் ஒரே பேரா?" என்றார் வசந்தாமணி. "எங்கூர்ல மொதப் புள்ளை போச்சுன்னா அடுத்ததுக்குப் பிச்சைன்னு வெப்பாங்க, குப்பைன்னு வெப்பாங்க. எமன் வந்தாலும் இது வேண்டாம்னு போயிரோணும். இவிங்க எமனுக்கு அட்ரஸ் எழுதிக் குடுத்துருக்காங்களேங்கய்யா."

"அவர்கள் வழக்கம் அப்படி."

"செத்ததுகளுக்கு யாராச்சும் ஒரு இலை போட்டிருப்பாங்களா?"

"அவர்களுக்குப் படையல் எல்லாம் கிடையாது."

"அப்ப இத்தனை வருசமாப் பட்டினி." தம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "பால் குடிக்கற புள்ளைங்க."

வருகிற அமாவாசை மகாளய அமாவாசை. மருமகன் இளமாறனின் அப்பாவுக்குப் படையல் போடுவதாக இருந்தார். அதோடு ஒரு சின்ன இலையும் போட்டு ஐந்து குழந்தைகளையும் பெயர் சொல்லிக் கூப்பிடப் போவதாகச் சொன்னார். மகள் வயிற்றில் இருப்பதற்குப் புண்ணியம் சேரும் என்பது அவர் கணக்கு.

பர்வதம் கேட்டுக்கொண்டே இருந்தவள் மெல்லச் சொன்னாள்.

"நம்மாத்து மனுஷா இல்லாதவாளைப் பேர் சொல்லிக் கூப்பிடாதேங்கோ, வசந்தா. கூப்பிடறது சுலபம். யார் அனுப்பறது?"

"பச்சப் புள்ளைங்க, மாமி."

"அதுவும் இவர் சொன்னதைக் கேட்டுண்டு. இவர் சொன்னதை நம்பித்தான் நான் இவரைக் கல்யாணமே பண்ணிண்டேன்."

அமாவாசையன்று எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். லாம்பர்ட்டும் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். வியட்நாம் கடையில் வாங்கிய உறைந்த வாழை இலையை வெந்நீரில் விரித்து, கார்ப்பெட்டின் மேல் ஒரு பாயைப் போட்டு, பெரிய இலை பரப்பியிருந்தார் வசந்தாமணி. இளமாறனின் அப்பாவுக்குப் பிடித்த கொள்ளுப் பருப்பு, வடை, ஒரு பாக்கெட் சிகரெட். பாய்க்கு வெளியே, கார்ப்பெட்டிலேயே சின்ன இலை. அதில் பாலில் குழைய வேகவைத்த சோறும் வெல்லமும். ஒரு கிண்ணம் பால்.

சூடம் ஏற்றவில்லை, சாம்பிராணி போடவில்லை, அலாரத்துக்குப் பயந்து. அந்த அம்மாள் குனிந்து, சின்ன இலையைப் பார்த்து, "எட்மண்டு, வா சாமி" என்றார். ஐந்து தடவை.

படையல் போட்டால் உயிரோடு இருப்பவர்கள் அறையில் நிற்கக் கூடாது. கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். வந்தவர்கள் சாப்பிடுவார்கள். கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் தட்ட வேண்டும். தட்டினால் அவர்கள் எழுந்து போவார்கள், பிறகுதான் திறப்பது.

கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்தித் திரை போட்டுவிட்டுத் தோட்டத்துக்கு வந்தோம். ஆப்ரிகாட் மரத்தடியில் நின்றோம். உச்சி வெயில், நிழல் எல்லாம் காலடியில் சுருண்டிருந்தது.

உள்ளே ஓசை கேட்டது.

இலையை நக்குகிற ஓசை. பூனை பால் குடிப்பது போல, ஆனால் ஒன்று இல்லை, பல.

"ராக்கூனா இருக்கும் அங்கிள்" என்றான் இளமாறன், சத்தமில்லாமல். ராத்திரியில் வந்து குப்பைத்தொட்டியைக் கிளறும் அந்த ஊர்ப் பிராணி அது.

"பட்டப்பகலிலா?" என்றேன்.

"வேற என்னன்னு சொல்றது அங்கிள்."

வசந்தாமணி போய்க் கதவைத் தட்டினார். ஓசை நின்றது. திறந்தோம்.

பெரிய இலை வைத்தபடியே இருந்தது. சின்ன இலை பச்சை தேயும்வரை நக்கப்பட்டு, ஓரம் கிழிந்து கிடந்தது. கிண்ணம் கவிழ்ந்திருந்தது. இலையைச் சுற்றிக் கார்ப்பெட்டில் சின்னச் சின்னப் பள்ளங்கள். முட்டி போட்டு உட்கார்ந்தால் அழுந்துகிற பள்ளங்கள்.

கார்ப்பெட்டில் அழுந்தியது கொஞ்ச நேரத்தில் தானே நிமிர்ந்துவிடும். இவை நிமிரவில்லை.

நாங்கள் பார்த்துக்கொண்டே நின்றோம்.

ஒரு பள்ளம் மெல்ல நிமிர்ந்தது. சண்முகப்ரியாவின் காலுக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று அழுந்தியது.

அதற்குப் பிறகு அந்த வீடு மாறிப்போனது. ஃபிரிட்ஜில் வைத்த பால் கேனில் காலைக்குள் பாதி இருக்காது. துணி அடுக்கில் ஈரக் கம்பளி நாற்றம். எந்த நேரத்தில் போனாலும் சேற்று வாசனை. சாப்பாட்டு மேஜைக்குக் கீழே ஏதோ நகரும். குனிந்து பார்த்தால் இருக்காது, நிமிர்ந்தால் மறுபடி நகரும். தெருவில் வீட்டுக்கு வீடு ஹாலோவீன் என்ற பேய்ப் பண்டிகைக்குப் பிளாஸ்டிக் எலும்புக்கூடு தொங்கவிட்டிருந்தார்கள். அதைப் பார்க்கும்போது எனக்கு ஆறுதலாக இருந்தது.

சண்முகப்ரியா ஒருநாள் சோஃபாவில் சாய்ந்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அம்மா, பேபி மூவ்மென்ட் கம்மியாயிடுச்சு."

"டாக்டர்கிட்ட சொன்னியா கண்ணு?"

"சொன்னேன். ஸ்கேனுக்கு வரச் சொல்லிருக்காங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "அது இல்லம்மா. உள்ள ஒண்ணும் அசையல. ஆனா வெளியில இருந்து வயித்துல கை வச்சுப் பாக்கற மாதிரி இருக்கு."

"யாரு கை?"

"குட்டிக் கை. நிறைய."

வசந்தாமணி மகளின் வயிற்றின் மேல் தன் இரண்டு கையையும் அகல விரித்து மூடிக்கொண்டார். அப்படியே உட்கார்ந்திருந்தார்.

ஸ்கேன் எடுக்க இளமாறன் மனைவியையும் மாமியாரையும் கூட்டிப் போனான். துணைக்கு நானும் போய் வாசலில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே நடந்ததை இளமாறன்தான் வெளியே வந்து சொன்னான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

ஸ்கேன் எடுக்கும் பெண் கருவியைக் கையில் எடுத்தவள், வைத்துவிட்டாளாம். கொஞ்சம் கண்டிப்பாகத்தான் சொன்னாளாம்.

"இங்கே இடம் சின்னது. உங்கள் மற்றக் குழந்தைகள் வெளியே உட்காரட்டும்."

குழந்தையின் இதயத் துடிப்பு விட்டுவிட்டு இறங்குவதாக டாக்டர் சொன்னார். காரணம் தெரியவில்லை. இன்னும் சில வாரம் வயிற்றில் இருந்தால் நல்லது, ஆனால் தாங்குமா என்று சொல்ல முடியாது என்றார்.

அன்று சாயங்காலம் வசந்தாமணி என்னைத் தோட்டத்துக்குக் கூப்பிட்டார். அழவில்லை. அழுகிற கட்டத்தைத் தாண்டியிருந்தார்.

"நாந்தான் கூப்பிட்டேன். வந்துட்டுதுக. இப்பப் போக மாட்டேங்குதுக."

"கதவைத் தட்டினீர்களே."

"நம்ம ஆளுகளுக்குத் தெரியும். தட்டுனா எந்திரிச்சுப் போயிருவாங்க. இதுகளுக்கு யாரு சொல்லிக் குடுத்துருப்பா? அஞ்சும் மறுக்கா பொறக்கோணும்னு நிக்குதுங்கய்யா. இருக்கறது ஒரே வயிறு. ஆளாளுக்குக் கை வெச்சா என்ற பொண்ணு புள்ளை என்னத்துக்கு ஆகும்?" என் பக்கம் திரும்பினார். "அந்தத் தாத்தாகிட்டக் கேளுங்க. அவிங்க ஊர்ல சாப்புட்டுட்டு உக்காந்துருக்கற புள்ளைங்கள எப்படி எந்திரிக்கச் சொல்லுவாங்கன்னு."

நான் லாம்பர்ட்டிடம் போனேன். சுற்றி வளைக்காமல் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, அமாவாசையன்று அவரும்தான் மரத்தடியில் நின்றிருந்தார்.

"என் தாத்தா வீட்டில்," என்று யோசித்துச் சொன்னார், "சாப்பிட்டு முடித்த குழந்தைகள் நாற்காலியை விட்டுத் தாங்களாக எழுந்திருக்கக் கூடாது. குடும்பத்தில் மூத்த ஆண் சொல்ல வேண்டும், நீங்கள் இறங்கலாம் என்று. அவர் மறந்துவிட்டால் உட்கார்ந்தேதான் இருக்க வேண்டும். கதவு தட்டினாலும் இடி இடித்தாலும் அசையக் கூடாது."

"லாம்பர்ட் குடும்பத்தில் இப்போது மூத்த ஆண் யார்?"

அவர் என் காதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூத்தது இளையது எல்லாம் நான் ஒருவன்தான், ஜம்போ."

அடுத்த அமாவாசைக்கு ஐந்து இலை தனித்தனியாகப் போட்டார் வசந்தாமணி. ஒவ்வொன்றிலும் பால்சோறு, வெல்லம். ஒன்றுக்கொன்று போட்டி வரக் கூடாது என்று அளவு பார்த்துப் பார்த்து வைத்தார். இந்தத் தடவை பர்வதம் ஒன்றும் சொல்லவில்லை. கூட உட்கார்ந்து வெல்லத்தைப் பொடித்துக் கொடுத்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுக் கதவைச் சாத்தி எல்லோரும் வெளியே வந்தோம். மகளை நாற்காலி போட்டு ஆப்ரிகாட் மரத்தடியில் உட்காரவைத்தார்கள்.

நக்கும் ஓசை எழுந்தது. அடங்கியது.

உள்ளே காத்திருக்கிறார்கள் என்று எப்படியோ தெரிந்தது.

லாம்பர்ட் கதவருகே நின்றார். நான் பக்கத்தில் போனேன்.

"சொல்லுங்கள்."

"எனக்கும் மேரிக்கும் ஒன்றும் பிறக்கவில்லை" என்றார், தாழ்ந்த குரலில். "இந்த வீட்டில் என் பெயருள்ள குழந்தைகள் ஒரு மாதமாக ஓடி விளையாடியிருக்கிறார்கள். முன்வீட்டில் படுத்துக்கொண்டு கேட்டேன். இப்போது போகச் சொல்ல வேண்டும்."

"லாம்பர்ட்."

"தெரிகிறது."

அவர் திரும்பி, நாற்காலியில் இருந்த சண்முகப்ரியாவின் காதை வெகுநேரம் பார்த்தார். அவள் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் தொப்பியைக் கழற்றினார். கதவைப் பார்த்து, வீட்டுப் பெரியவர் குரலில் சொன்னார்.

"நீங்கள் இறங்கலாம், பிள்ளைகளே."

கதவு தானாக நகர்ந்தது, ஒரு சின்ன உடம்பு நுழைகிற அளவுக்கு.

முழங்கால் உயரத்தில் என்னை உரசிக்கொண்டு ஒரு குளிர் போனது.

பிறகு ஒன்று.

பிறகு ஒன்று.

கடைசியாக ஒன்று, கொஞ்சம் தயங்கி. மரத்தின் காய்ந்த சருகுகள் வேலிவரை வரிசையாக நொறுங்கின. சேற்று வாசனை விலகியது.

"அம்மா," என்றாள் சண்முகப்ரியா. "கை எல்லாம் போயிடுச்சு." அடுத்த நொடி அவள் முகம் மாறியது. "உதைக்குதும்மா. உள்ள இருந்து. செமயா உதைக்குது."

இளமாறன் புல்லிலேயே உட்கார்ந்து அழுதான். பர்வதம் அவன் தலையைத் தடவிக்கொடுத்தாள். லாம்பர்ட் தொப்பியைப் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், வேலியோரமாக நடந்து தன் வீட்டுக்குப் போனார்.

இலையெடுக்க வசந்தாமணி உள்ளே போனார். உதவிக்கு நான் போனேன்.

நான்கு இலை வழித்து நக்கியிருந்தது.

ஐந்தாவது இலை வைத்தபடியே இருந்தது. சோற்றின் மேல் வெல்லம் உருகிப் பளபளத்தது. ஒரு விரல் பட்ட தடம்கூட இல்லை.

தோட்டத்திலிருந்து மகள் சிரிக்கிற சத்தம் கேட்டது. இளமாறன் வயிற்றில் காது வைத்துக் கேட்கிறான் போல.

"அம்மா," என்றேன். "அப்படியானால் இந்த ஒன்று..."

"மெதுவாப் பேசுங்க."

"எங்கே போயிருக்கும்?"

அவர் ஐந்தாவது இலையின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்தார்.

"என்ற பொண்ணு ரெண்டைப் பறிகுடுத்தவ" என்றார். "யாரா இருந்தா என்னங்கய்யா. உசுரோட வந்தாச் சரி."

ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு இலையை வழித்தார். மற்ற நான்கோடு சேர்த்து மடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அஞ்சும் போயிருச்சு. கேட்டாங்கன்னா அப்படித்தான்."

அப்படித்தான் சொன்னேன்.

நவம்பரில் பையன் பிறந்தான். நல்ல எடை, நல்ல குரல். மதன் என்று பெயர் வைத்தார்கள். பிச்சை, குப்பை என்றெல்லாம் அந்த அம்மாள் கேட்டுப் பார்த்தார், பிறப்புச் சான்றிதழில் அதெல்லாம் வேண்டாம் என்று மகள் சொல்லிவிட்டாள். லாம்பர்ட் பார்க்க வந்தார். குழந்தையின் காதைப் பார்த்தார், அந்தப் பக்கத்துக் காதையும் பார்த்தார். யாரைப் போல இருக்கிறான் என்று கேட்டேன். தொப்பியைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். மறுநாளே மைக்ரோஃபிலிமைத் திருப்பி அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு நாங்கள் அந்த நூலகத்துக்குப் போகவில்லை.

இரண்டாயிரத்தில் மறுபடி சன்னிவேல் வந்தேன். வசந்தாமணியும் வந்திருந்தார். மகாளய அமாவாசைக்கு இளமாறனின் அப்பாவுக்குப் படையல். பெரிய இலை ஒன்று மட்டும். கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் தோட்டத்துக்கு வந்தோம். வெயில், ஆப்ரிகாட் மரம், எல்லாம் பழையபடி.

"மதன் எங்க?" என்றாள் சண்முகப்ரியா.

"உங்கிட்ட இருக்கான்னு நெனச்சேன்" என்றான் இளமாறன்.

தோட்டத்தில் இல்லை. மரத்துக்குப் பின்னால் இல்லை. பிறகு உள்ளே இலை சரசரக்கிற ஓசை கேட்டது. நிதானமாக, பழக்கப்பட்டவர் சாப்பிடுவது போல.

"உள்ளயே உக்காந்துட்டான். வர வர இதே வேலை, அங்கிள். எப்பப் படையல் போட்டாலும் வெளிய வர மாட்டான்." சிரித்துக்கொண்டே இளமாறன் போய்க் கதவில் கை வைத்தான்.

வசந்தாமணி ஓடிப்போய் அவன் மணிக்கட்டைப் பிடித்தார். மருமகனைத் தொட்டுப் பேசாதவர்.

"தட்டிட்டுத் தொறங்க, மாப்ள."

அவன் மாமியாரின் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு மெல்லப் போனது. விரலை மடக்கி, தன் மகன் இருக்கும் அறையின் கண்ணாடியைத் தட்டினான்.

உள்ளே ஓசை நின்றது.

லாம்பர்ட்டுக்கு நான் எட்மண்டுகளைப் படித்துச் சொன்ன அந்த 1997, எனக்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றி, மறுவருஷம் சென்னையில் ஆபரேஷன் ஆகும்வரை ஓர் எழுத்துகூடப் படிக்க முடியாமல் இருந்த வருஷம்.